தனி அறை எதற்கு?

அன்புள்ள ஐயா,

திருவாரூர் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் பழைய மாணவி இப்போது அமெரிக்காவில் படிக்கிறாள். அங்கே பல்பண்பாட்டு மையம் என்று ஓர் இடம் உண்டாம். கறுப்பின, பழங்குடி மாணவர்களும், வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் போய் உட்காரலாம், சந்தேகம் கேட்கலாம். காலனியிலிருந்து வரும் நம் தலித் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் அறை கேட்டேன். "எல்லாரும் சமமா இருக்கிற இடத்துல ஏன் மேடம் பிரிக்கிறீங்க?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நான் கேட்டது தவறா?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

தவறில்லை.

எண்பதுகளில் டெல்டாவில்தான் நானும் கல்லூரி படித்தேன். சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். வகுப்பின் நடுவே ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பையன்கள்லாம் எழுந்திருங்க" என்றார். என் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். அதுவரை தினமும் என் டிபன் பாக்ஸில் பாதி அவனுக்குத்தான். மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். நான் கூப்பிடவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. உங்கள் சக ஆசிரியர்கள் சொல்லும் சமம் இந்த மாதிரிதான் இருக்கும். உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் தெரியாது.

அமெரிக்காவிலும் நிர்வாகம் மனமுவந்து கொடுத்ததில்லை. 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் பிற சிறுபான்மை மாணவர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அடுத்த மார்ச் வரை நீண்டது. தங்கள் மக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் தனிப் பிரிவு அப்படித்தான் அங்கே வந்தது. பல வளாகங்களின் மையங்களும் அந்தக் காலத்துப் போராட்டங்களில் பிறந்தவைதான். அந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த டிசம்பரில்தான் நம் கீழவெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை வைத்து ஒரு குடிசையைக் கொளுத்தினார்கள். உங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பேத்திகளும் இருக்கக்கூடும்.

சரி, விதிக்கு வருகிறேன். சம வாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாடு குறித்த புகார்களைக் கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்த கல்லூரிகளில் அது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகை. பூட்டு துருப்பிடித்திருக்கும்.

அறையில் என்ன நடக்க வேண்டும்? புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் வரவில்லை என்று ஒரு பெண் வருவாள். ஆதார் இணைந்திருப்பது பள்ளியில் திறந்து மறந்துபோன கணக்கோடு; பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். உதவித்தொகைக்கு வருமானச் சான்று வாங்க அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பார். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். சம்பா நடவு வாரத்தில் அம்மாவோடு வயலுக்குப் போனவளுக்கு வருகைப்பதிவு குறையும். அவளுக்காகத் துறைத்தலைவரிடம் பேச ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் நடந்த பாடம் ஒரு வரிகூடப் புரியவில்லை என்பதைக் கூச்சமில்லாமல் சொல்ல ஓர் அக்கா வேண்டும். இரண்டாமாண்டு, மூன்றாமாண்டுப் பிள்ளைகளையே உட்கார வையுங்கள். வருஷத்துக்கு ஒருநாள் பாவாடை தாவணி கட்டிப் பொங்கல் வைத்துப் படம் எடுப்பதை மட்டும் இந்த அறையின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

உங்கள் சக ஆசிரியர்களின் பயம் முழுக்கப் பொய்யுமில்லை. வாசலில் சாதிப் பெயரை எழுதினால் யாரும் படியேற மாட்டார்கள். ஏறுகிறவனை நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் யாரும் வரலாம் என்று திறந்து வையுங்கள். தேவைப்பட்டவர்கள் வருவார்கள். முதல்வர் அறைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி இடமிருந்தால் நல்லது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எட்டிப் பார்ப்பார்கள்.

அப்புறம், என்னிடம் ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் இரண்டு சும்மா கிடக்கின்றன. அறை கிடைத்ததும் எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.