காற்று விட்டால் கப்பல் போகும்: கிரேக்கத் தீவுப் பயணம், கேள்வி-பதில்

ஏழு நாள் விடுமுறை. மைக்கோனோஸ், சாண்டோரினி, ரோட்ஸ், கார்ஃபு நான்கையும் கப்பலிலேயே சுற்றிவிடலாமா?

முடியாது. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கார்ஃபு நாட்டின் மேற்கே, அயோனியக் கடலில் இருக்கிறது. அதற்குக் கப்பல் இகுமெனிட்சா துறைமுகத்திலிருந்து. மற்ற மூன்றும் கிழக்கே ஏஜியன் கடலில். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேரடிக் கப்பல் கிடையாது. ரோட்ஸோ துருக்கிக் கரையை ஒட்டிக் கிடக்கிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் மாலை ஏறினால் மறுநாள்தான் இறங்குவீர்கள்.

ஒரே தடத்தில் உள்ள இரண்டு மூன்று தீவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேயஸ், பாரோஸ், நாக்சோஸ், சாண்டோரினி என்று போகும் தடத்தில் கோடையில் தினமும் கப்பல் உண்டு. மைக்கோனோஸ் பார்த்தே ஆகவேண்டும் என்றால் நாக்சோஸை விட்டுவிடுங்கள். நானாக இருந்தால் மைக்கோனோஸைத்தான் விடுவேன்.

பெரிய கப்பலா, அதிவேகப் படகா?

பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்குப் பெரிய கப்பல் ஏழரை, எட்டு மணி நேரம் எடுக்கும். அதிவேகப் படகு ஐந்து மணி நேரம் போல. மிச்சமாகும் நேரத்துக்குக் கணிசமாகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். அதோடு, பெரும்பாலான வேகப் படகுகளில் வெளியே வந்து நிற்க இடம் இருக்காது. உப்புப் படிந்த கண்ணாடி வழியாகத்தான் கடலைப் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு பெரிய கப்பலுக்கு. இருப்பதிலேயே மலிவான டெக் டிக்கெட் போதும். சாண்டோரினி நெருங்கும்போது மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்துக்குள்தான் கப்பல் நுழைகிறது. சுமார் 300 மீட்டர் செங்குத்துப் பாறை, அதன் விளிம்பில் வெள்ளை வீடுகள். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அம்மாவுக்கு 68 வயது. பேருந்தில் போனாலே வாந்தி. கப்பல் ஒத்துக்கொள்ளுமா?

பெரிய கப்பல் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உட்காரவையுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டச் சாப்பாடும் வேண்டாம். செல்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதிக் குமட்டல் அடங்கும். அவோமின் போன்ற மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் புண்ணியமில்லை. வேறு மருந்துகள் சாப்பிடுபவர் என்றால் அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 16 காலை சாண்டோரினியிலிருந்து கப்பல், அன்று இரவே ஏதென்ஸில் விமானம். சரியாக வருமா?

வரலாம், வராமலும் போகலாம். இந்தப் பந்தயம் வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு மேகம் தெரியாது, ஆனால் கடல் கொந்தளிக்கும். காற்றின் பலத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் காற்று 8-ஐத் தொட்டால் பெரிய கப்பல்களையே துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். அதிவேகப் படகுகள் அதற்கும் முன்பே நின்றுவிடும். தடை போடுவது கடலோரக் காவல்படை. கப்பல் கம்பெனி கவுண்டரில் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. 2000-இல் எக்ஸ்பிரஸ் சமினா என்ற கப்பல் காற்றடித்த இரவொன்றில் பாரோஸ் அருகே பாறையில் மோதி 80 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த விஷயத்தில் கெடுபிடி இருப்பதே நல்லது.

காற்று ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் தேங்கிப்போன கூட்டம் முழுக்க அடுத்த கப்பலுக்குப் பாயும். நீங்கள் தேர்ந்தெடுத்த தேதி வேறு மோசம்: ஆகஸ்ட் 15 மாதா திருநாள், கிரேக்கர்களே குடும்பத்தோடு தீவுகளுக்குப் போய்வரும் நேரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கப்பல் ரத்தானாலோ புறப்பாடு 90 நிமிடங்களுக்கு மேல் தாமதமானாலோ பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு கப்பலில் இடம் கேட்கலாம். ஆனால் காரணம் வானிலை என்றால் ஹோட்டல் செலவை அவர்கள் தர வேண்டியதில்லை. தவறவிட்ட விமானமும் உங்கள் தலையில்தான். ஆகவே 15-ஆம் தேதியே ஏதென்ஸ் திரும்பிவிடுங்கள், அல்லது சாண்டோரினியிலிருந்து விமானத்திலேயே வாருங்கள். கப்பலை நிறுத்தும் காற்றில்கூடப் பல நாள் விமானம் பறந்துவிடும்.

பிரேயஸ் துறைமுகத்தில் நம் கப்பலைக் கண்டுபிடிப்பது கஷ்டமா?

துறைமுகம் பெரியது, கேட்டுகள் E1, E2 என்று எண்ணிட்டு நீள்கின்றன. எந்தக் கேட் என்பதை முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்; தப்பான கேட்டில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது வெயிலில் கொடுமை. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 3-ஆம் தடம் 2022 முதல் நேராகப் பிரேயஸுக்கே வருகிறது, ஒரு மணி நேரம் ஆகும். மைக்கோனோஸ் போகிறவர்கள் ராஃபினா துறைமுகத்தையும் பாருங்கள், விமான நிலையத்துக்கு அதுதான் கிட்டே.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். ஏறும்போது பெட்டியை வாகனத் தளத்திலுள்ள அலமாரியில் வைக்கச் சொல்வார்கள். தீவின் பெயர் பார்த்து வையுங்கள், பாஸ்போர்ட்டும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். உங்கள் தீவின் பெயரை அறிவித்ததும் கீழே இறங்கி, லாரிகளுக்கு நடுவே காத்திருக்க வேண்டும். கப்பல் கரையைத் தொடும் முன்பே பின்பக்கக் கதவு சங்கிலிச் சத்தத்தோடு இறங்கத் தொடங்கும். கூட்டம் நகரும், ஊழியர்கள் கத்துவார்கள், சின்னத் தீவு என்றால் சில நிமிடங்களில் கப்பல் மறுபடி கிளம்பிவிடும். நிதானமாக இறங்கலாம் என்று மேலே காபி குடித்துக்கொண்டிருந்தால் அடுத்த தீவில்தான் இறங்குவீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கீரை அல்லது சீஸ் உள்ளே வைத்துச் சுட்ட ‘பை’ (pie), சாலட், ஃபிரெஞ்சு ஃபிரைஸ். பை வகைகளில் முட்டை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாமா?

வாடகைக் கம்பெனி எழுத்தில் அனுமதி தராமல் ஏற்றாதீர்கள், காப்பீடு செல்லாமல் போகும். தீவுக்குத் தீவு தனியாக எடுப்பதே நிம்மதி.

கோஸ் தீவிலிருந்து துருக்கியின் போட்ரம் கண்ணுக்குத் தெரிகிறதாமே. ஒரு நாள் போய் வரலாமா? இந்தியப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா.

முதலில் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு முறைதான் என்றால் கனவிலும் வேண்டாம்: படகு ஏறிய கணமே ஷெங்கனை, அதாவது இந்த ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, விட்டு வெளியேறிவிட்டீர்கள், மாலையில் கோஸ் திரும்ப வழியில்லை. பல முறை நுழையும் விசா என்றால் துருக்கி விசாவையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு தாராளமாகப் போங்கள். அந்தப் படகுக்குப் பாஸ்போர்ட் சோதனை உண்டு, கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள்.