தேங்காயை இறக்கி வையுங்கள்

கேள்வி: 2024-இல் சுறா தாக்குதல் 88 என்கிறது ஒரு பத்திரிகை, 47 என்கிறது இன்னொன்று. உலகம் முழுக்க நடக்கும் சுறா தாக்குதல்களைப் பதிந்து வைக்கும் 'சர்வதேச சுறா தாக்குதல் கோப்பு' (International Shark Attack File) இருக்கிறதே, அதைக் கேட்டால் பூட்டி வைத்திருக்கிறார்களாம். இதில் 'தேங்காய் விழுந்தே ஆண்டுக்கு 150 பேர் சாகிறார்கள்' என்று வேறு சமாதானம். இந்த விஞ்ஞானிகளை எப்படி நம்புவது?

பதில்: முதலில் அந்தத் தேங்காயை இறக்கி வைத்துவிடுவோம். அந்த 150 பேரை யாரும் எண்ணவில்லை. பப்புவா நியூகினியில் தேங்காய் விழுந்து அடிபட்டவர்களைப் பற்றி 1984-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையைத்தான் கைகாட்டுவார்கள், அதில் உலகக் கணக்கே கிடையாது. சுறாவுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு அலைவது எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் 88, 47 இரண்டுமே சரி, ஒரே கோப்பிலிருந்து வந்தவை. விசாரணைக்கு வந்த சம்பவங்கள் 88. மனிதர் சீண்டாமலே சுறா கடித்தது 47. இன்னொரு 24 நாமே சீண்டி வாங்கிக்கொண்டவை: தூண்டிலில் மாட்டியதைக் கழற்றப் போனது, ஈட்டியோடு மீன் வேட்டைக்கு இறங்கியது, இரை போட்டுக் கூப்பிட்டது, இந்த மாதிரி. படகைக் கடித்தது, ஏற்கெனவே இறந்த உடலைக் கடித்தது, சுறாதானா என்றே தெளிவில்லாதது எல்லாம் மிச்சத்தில் போகும். சுறா தன் போக்கில் இருக்கும்போது என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் அந்த 47-ஐத் தனியாகப் பிரிக்கிறார்கள். தலைப்பு போடுகிறவருக்கு 88 பிடித்திருந்தால் அதற்கு விஞ்ஞானி என்ன செய்வார்?

சரி, பூட்டு விஷயம். 1958-இல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் பணத்தில் தொடங்கிய கோப்பு அது. போரில் கப்பல் மூழ்கி நடுக்கடலில் தத்தளித்த மாலுமிகளின் கதையெல்லாம் அப்போது இன்னும் ஆறவில்லை. பத்து ஆண்டில் பணம் நின்றது, கோப்பு கைமாறியது, பால்ட்ரிட்ஜ் என்பவர் 1,165 சம்பவங்களை அலசிப் பார்த்தார், 1988 முதல் ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே பிரேதப் பரிசோதனை அறிக்கை, காயத்தின் படம், மருத்துவக் குறிப்பு எல்லாம் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவருடையது என்றால் திறந்து வைக்கச் சொல்வீர்களா? திறந்த பட்டியல்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பதிவுகள், 1791-இலிருந்து ஆயிரத்துக்கும் மேல், வெளிப்படையாகவே கிடைக்கின்றன.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடமே வேறு. பழைய பதிவுகளில் பெரும்பங்கு பத்திரிகைச் செய்தியை நம்பி எழுதியவை. நிருபர் எட்டிப் பார்க்காத கரையில் செத்த மீனவர் எந்தக் கோப்பிலும் இல்லை. இன்றைக்கு ஆளுக்கொரு கேமரா, அதனால் சின்னக் கீறலும் பதிவாகிறது. அப்புறம், கடலில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் இறங்கினார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை, அது இல்லாமல் ஏறியது இறங்கியது என்று பேசி என்ன பயன்? 2023-இல் சீண்டாத கடி 69, அடுத்த ஆண்டே 47. ஒரே வருஷத்தில் சுறாக்கள் திருந்திவிட்டன என்று எந்தப் பத்திரிகையாவது எழுதியிருந்தால் வெட்டி அனுப்புங்கள், நம் சிரிப்புப் பக்கத்தில் போட்டுவிடலாம்.