புகைப்படப் புத்தகங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: மூன்று வருடமாகக் கல்யாண ஃபோட்டோகிராபர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். லைட் பிடிப்பதும் பேட்டரி மாற்றுவதும்தான் வேலை. இனி நானே எடுக்க வேண்டும். புத்தகத்துக்கென்று 2,500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதை முதலில் வாங்குவது? பழைய பதிப்பு வாங்கினால் பரவாயில்லையா?
— தேனி வாசகர்

பதில்: உங்களுக்கு இப்போது வேண்டிய புத்தகத்துக்குப் பழைய பதிப்பு தாராளமாகப் போதும். புகைப்படப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. வெளிச்சம், எக்ஸ்போஷர், ஃபிரேம் பற்றிய பக்கங்கள் நாற்பது வருடம் கழித்தும் அப்படியே உதவும். கேமரா மெனுவையும் மென்பொருளையும் விளக்கும் பக்கங்கள் இரண்டு மூன்று வருடத்தில் கைவிட்டுவிடும். அதனால் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பொருளடக்கத்தைப் பாருங்கள். எந்த வகைப் பக்கம் அதிகம் என்று தெரிந்துகொண்டு அப்புறம் விலையைப் பாருங்கள்.

முதல் புத்தகமாக நான் சொல்வது பிரையன் பீட்டர்சன் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்’. 1990-இல் வந்தது, நான்காம் பதிப்பு 2016-இல். 2010-இல் வந்த மூன்றாம் பதிப்பு பழைய புத்தகமாகக் கிடைத்தால் அதுவே போதும். அப்பர்ச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு), ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) மூன்றும் ஒன்றையொன்று எப்படி ஈடுகட்டுகின்றன என்பதை அது பொறுமையாகச் சொல்கிறது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை, பெண் இரண்டு முகமும் ஷார்ப்பாக வர அப்பர்ச்சரை எஃப் 2.8-இலிருந்து எஃப் 4-க்குக் குறுக்குகிறீர்கள் என்று வையுங்கள். வெளிச்சம் பாதியாகிவிடும். ஐஎஸ்ஓவை 1600-இலிருந்து 3200 ஆக்கினால் பழையபடி ஆகும். இந்தக் கணக்கு விரல் நுனிக்கு வந்துவிட வேண்டும். நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறிய பிறகு யோசிக்க நேரமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

2,500 ரூபாயையும் புத்தகத்திலேயே போட வேண்டாம். ஒரு புத்தகம் வாங்குங்கள். மிச்சத்தில் நீங்கள் எடுத்த படங்களை 4×6 அளவில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன் புரட்டிப் பார்க்க வேண்டுமானால், மதுரைக்கு வேலையாகப் போகும் நாளில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நடை போய்ப் புகைப்படக்கலை அலமாரி எங்கே என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், எந்த ஆசிரியரின் ஆங்கிலம் உங்களுக்குப் பிடிபடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வியாபாரம். இணையத்தில் விற்கலாம் என்று நானே படம் எடுக்கிறேன். கேமரா நல்லதுதான். ஆனால் விளக்கில் என் சட்டை தெரிகிறது, ட்யூப்லைட் தெரிகிறது, நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு அடிக்கிறது. கடையில் போலரைசர் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள். ஃபில்டர் வாங்குவதா, புத்தகம் வாங்குவதா?
— கும்பகோணம் வாசகர்

பதில்: ஃபில்டரை வாங்காதீர்கள். தண்ணீர், கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் ஆகியவற்றின் பளபளப்பைப் போலரைசர் குறைக்கும். மேல்பூச்சு இல்லாத உலோகத்தின் பளபளப்பை அது அப்படிக் குறைக்காது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தின் தன்மையே வேறு. அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம், அதுவும் உங்கள் தொழிலுக்கென்றே எழுதியது போன்ற ஒன்று இருக்கிறது: ஃபில் ஹன்டர், பால் ஃபூக்வா முதலியோரின் ‘லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்’. முதல் பதிப்பு 1990, ஆறாம் பதிப்பு 2021. உலோகத்துக்கு ஓர் அத்தியாயம், கண்ணாடிப் பொருளுக்கு ஓர் அத்தியாயம் என்று பொருள்வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த கேமரா, எந்த லைட் வாங்கலாம் என்ற பேச்சு அதில் அதிகம் கிடையாது. எனக்கு அந்தப் புத்தகம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கேமரா இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், அறையின் ஒரு குறிப்பிட்ட பகுதி மட்டும்தான் பொருளின் பரப்பில் பிரதிபலிக்கும். அந்தப் பகுதிக்குள் இருப்பது எதுவோ, அது படத்தில் தெரியும். இதைக் கோணங்களின் குடும்பம் என்று அந்தப் புத்தகம் அழைக்கிறது. தட்டையான தாம்பாளமாக இருந்தால் அந்தப் பகுதி சின்னது, ஒரு வெள்ளை அட்டையை அந்த இடத்தில் வைத்தால் முடிந்தது. குத்துவிளக்கு அப்படியல்ல. அடிப்பாகம் குவிந்திருக்கிறது, தண்டு உருளையாக இருக்கிறது, மேலே அன்னம் வேறு. கிட்டத்தட்ட அறை முழுவதும் அதற்குள் வந்துவிடும். உங்கள் சட்டை தெரிவது அதனால்தான்.

இனி செய்ய வேண்டியது, விளக்கு பார்க்கும் அந்த அறையையே வெள்ளையாக்குவது. ஜன்னல் பக்கமாக விளக்கை வைத்து இரண்டு பக்கமும் முன்னாலும் மேலேயும் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். வேட்டிக்கு வெளியிலிருந்து வெளிச்சம் வரட்டும். முன்னால் தொங்கும் துணியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஓர் இடைவெளி. இப்போது திட்டு போய்விடும், ஆனால் விளக்கு பிளாஸ்டிக் போலத் தெரியும். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கறுப்புச் சார்ட் அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, படத்தில் நேரடியாகத் தெரியாதபடி இரண்டு ஓரத்திலும் நிறுத்திப் பாருங்கள். அந்தக் கறுப்பு, தண்டின் விளிம்பில் மெல்லிய கோடாக விழும். விளக்குக்கு உருட்சி வந்துவிடும், பித்தளை பித்தளையாகத் தெரியும். வார்ப்பு வேலைக்காரர்களின் கைத்திறன் படத்தில் தெரிய வேண்டும் என்றால் இந்தக் கறுப்புக் கோடு ரொம்ப முக்கியம்.

எந்தப் பதிப்பு கிடைத்தாலும் வாங்கலாம். உலோக அத்தியாயத்தை விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில், படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் 3 பற்றிய கனமான புத்தகம் கால் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— கோவை வாசகர்

பதில்: வேண்டாம். லைட்ரூம் 3 வந்தது 2010-இல். அந்தப் புத்தகம் ‘ரெகவரி’, ‘ஃபில் லைட்’ என்ற ஸ்லைடர்களை நகர்த்தச் சொல்லும். 2012-இல் வந்த நான்காம் பதிப்பிலேயே அவை போய் ‘ஹைலைட்ஸ்’, ‘ஷேடோஸ்’ வந்துவிட்டன. 2021-இல் மாஸ்க் போடும் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்தும்) முறையும் அடியோடு மாறியது. ஆளை மட்டும், வானத்தை மட்டும் அதுவே பிரித்துக் கொடுக்கிறது. உங்கள் திரையில் இல்லாத பட்டனைத் தேடியே உங்கள் மாலை நேரம் போய்விடும். அந்தக் கால் விலைகூட வீண்தான். பட்டன் எங்கே இருக்கிறது என்பதற்கு லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபியின் தளத்திலேயே உதவிப் பக்கங்கள் இலவசமாக இருக்கின்றன.

டிஜிட்டல் படம் என்றால் என்ன என்று சொல்லும் புத்தகம் வேறு வகை, அது வாங்கத் தகுந்தது. கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் ஒரு வண்ணத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256 படிகள். ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) எப்படிப் படிப்பது, எந்த அளவைத் தாண்டினால் வெளுத்த இடத்தில் விவரம் திரும்ப வராது என்பதெல்லாம் எந்த மென்பொருள் வந்தாலும் மாறாதவை. நானும் ஒரு காலத்தில் 700 பக்கத்துக்கு ஃபோட்டோஷாப் புத்தகம் வாங்கினேன். அதில் இந்த அடிப்படைகளைச் சொல்லும் முதல் நாற்பது பக்கத்தை மட்டும் இன்றும் எடுத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: திரையில் அழகாக இருக்கும் படம் லேபில் பிரிண்ட் போட்டால் இருட்டடித்துப் போகிறது. ஆல்பம் போட்டுக் கொடுத்து வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினேன். பிரிண்டிங் பற்றிப் புத்தகம் வாங்கினால் தீருமா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: இதற்குப் புத்தகம் வாங்கும் முன் திரையின் பிரைட்னஸைக் குறையுங்கள். திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. லேப்டாப்பைப் பெரும்பாலும் முழு வெளிச்சத்தில் வைத்து வேலை செய்கிறோம். படம் ஏற்கெனவே பிரகாசமாகத் தெரிவதால் அதை நாமே இருட்டாக்கி அனுப்புகிறோம். ஒரு வெள்ளைத் தாளை நல்ல வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்வரை இறக்குங்கள். திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகில் சொன்னால் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா. கல்யாண வேலை தொடர்ந்து வருகிறது என்றால் திரையைச் சீராக்கும் கேலிப்ரேட்டர் ஒன்று வாங்குவது நல்ல செலவு. பிறகு ஒரே படத்தை மூன்று பிரைட்னஸில் 4×6 பிரிண்ட் போடுங்கள். லேபில் ‘கரெக்‌ஷன் செய்யாமல் அப்படியே போடுங்கள்’ என்று சொல்ல மறக்காதீர்கள். கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் கொடுங்கள். பெரும்பாலான லேப்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். அடோபி ஆர்ஜிபியில் போனால் நிறம் வெளிறிவிடும்.

இதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால், சொந்தமாக பிரிண்டர் வைத்திருந்தால், ஜெஃப் ஷீவியின் ‘தி டிஜிட்டல் பிரிண்ட்’ வாங்குங்கள். 2013-இல் வந்தது. மென்பொருள் படங்கள் பழசாகிவிட்டன, அந்தப் பக்கங்களை விட்டுவிடலாம். காகிதம், மை, பிரிண்டர் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல், பிரிண்டுக்கு முன் திரையிலேயே ஒத்திகை பார்க்கும் சாஃப்ட் புரூஃப் பற்றியெல்லாம் அவர் எழுதியது இன்னும் நிற்கிறது.

இருட்டறை அச்சைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தையும் சொல்ல ஆசை: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் ‘தி பிரிண்ட்’, 1983. ‘தி கேமரா’, ‘தி நெகட்டிவ்’ ஆகியவற்றோடு சேர்ந்த மூன்றாம் புத்தகம். ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியும் பிரிண்ட் காய்ந்ததும் கொஞ்சம் கறுத்துவிடும். அதனால் அவர் சோதனைப் பிரிண்ட்டை மைக்ரோவேவ் அடுப்பில் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார். பிரிண்ட்டை அது கடைசியில் இருக்கப்போகும் நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அந்தக் கவனம் உங்கள் பிரச்சினைக்கு நேராகப் பொருந்துகிறது. உங்கள் ஆல்பத்துக்கு மேட் லேமினேஷன் போடுகிறார்கள் என்றால், லேமினேஷன் போட்ட தாளில்தான் சோதனை பார்க்க வேண்டும். கெமிக்கல் அளவுகள் உள்ள பக்கங்கள் உங்களுக்குத் தேவைப்படாது. அதனால் இதைப் புதிதாக வாங்க வேண்டாம், பழைய பிரதி கிடைத்தால் எடுங்கள்.

கேள்வி: புகைப்படப் புத்தகத்தை கிண்டிலில் வாங்கலாமா?
— சேலம் வாசகர்

பதில்: சாதாரண கிண்டில் 16 சாம்பல் படிகளில்தான் காட்டும். நிறத்தைப் பற்றிய புத்தகத்தை அதில் படிக்க முடியாது. டேப்லெட் இருந்தால் வாங்கலாம், ஆனால் இலவச மாதிரிப் பக்கங்களை முதலில் இறக்கி, படமும் அதன் குறிப்பும் ஒரே பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய புத்தகத்தில் எல்லாப் படமும் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. எழுத்தும் மங்கல். விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
— வேலூர் வாசகர்

பதில்: இதில் இரண்டு சாத்தியம். சில ஆங்கிலப் புத்தகங்களுக்கு இந்தியாவில் மட்டும் விற்பதற்கான மலிவு மறுபதிப்பு உண்டு. செலவைக் குறைக்க அதில் வண்ணத்தை விட்டுவிடுவதும் உண்டு. அது சட்டப்படியான பதிப்புதான், பின்னட்டையிலோ பதிப்புரிமைப் பக்கத்திலோ அந்தக் குறிப்பு இருக்கும். மற்றது திருட்டுப் பிரதி. கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். ஒழுங்கான அச்சில் கறுப்பு எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தைச் சுற்றி நுரைத்தது போலிருக்கும், படங்களில் துணி நெசவு மாதிரி கோலம் விழுந்திருக்கும்.

எதுவானாலும், விற்பனைப் பக்கத்தில் வண்ணப் படம் காட்டிவிட்டு இதை அனுப்பியிருந்தால் அவர் திரும்ப எடுத்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் போலிப் பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. விற்றவரோடு மல்லுக்கட்டாமல் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று: விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றிவிடலாம்.