பென்சிலுக்கு முன் விரல்

கேள்வி: ரீச்சர், என் மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். நேசறியில் தினமும் இரண்டு பக்கம் 'அ', 'ஆ' எழுதிவரச் சொல்கிறார்கள். கொப்பியைக் கண்டாலே அழுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் பெயரையே எழுதுகிறாள். ரியூஷனுக்கு விடலாமா? வீட்டில் ஆங்கிலத்தில் பேசினால் நல்லது என்றும் சொல்கிறார்களே?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, ரியூஷன் வேண்டாம். அந்த இரண்டு பக்கமும் வேண்டாம்.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பு. உங்கள் மகனின் வயதில் அவற்றில் சில இன்னும் எலும்பாகவில்லை. அந்தக் கையால் இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் அழாமல் என்ன செய்வான்?

விஜயதசமிக்கு ஏடு தொடக்கினீர்களா? பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே 'அ' எழுதுவிப்பார்கள்? சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முறை ஒன்றை உருவாக்கிய மொன்டிசோரி அம்மையாரும் சொரசொரப்பான கடதாசியில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிப் பழகவே வழி செய்தார். 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவர் பெயரை நேசறிப் பலகையில் எழுதிவிட்டு மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பி நிரப்பக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரொட்டிக்கு மா குழைக்கும்போது அவனுக்கும் ஒரு உருண்டை கொடுங்கள். உழுந்தையும் பயறையும் கலந்துவைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள் (பக்கத்திலேயே இருங்கள், மூக்கில் போட்டுவிடுவான்). இரண்டு விரலால் பொறுக்குகிற அந்தப் பிடிதான் பிறகு பென்சில் பிடிக்கும். பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஈர மணலில் கீறவிடுங்கள். எழுத்து கேட்டால் 'ட', 'ப' காட்டுங்கள். 'ட'வுக்கு இரண்டு கோடு, 'ப'வுக்கு மூன்று. 'அ'வில் சுழி, வளைவு, கோடு எல்லாம் இருக்கிறது. அது பிறகு வரட்டும்.

வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள். கோச்சி (ரயில்) போகும்போது "எத்தனை பெட்டி?" என்று கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். அவன் "நாய்" என்றால், "ஓம், கறுப்பு நாய், வாலை ஆட்டுது" என்று நீட்டிக்கொடுங்கள். கொழும்பில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் வெளியில் கிடைக்கும். அம்மாவிடம் மனம்விட்டுப் பேசுகிற தமிழ் வீட்டில்தான் கிடைக்கும்.

நேசறி ரீச்சரோடு சண்டை பிடிக்காதீர்கள். "வீட்டில் மாவாலும் மணலாலும் பழக்குகிறோம், கொப்பி வேலையைக் கொஞ்ச நாள் விடலாமா?" என்று கேளுங்கள். முதலாம் தரத்துக்கு ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியாக வேண்டும். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

கூப்பிட்டால் திரும்பாமலோ, நாலு சொல் சேர்த்துப் பேசாமலோ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. எந்தக் கையால் கீறுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. இடக்கை என்றால் மாற்றாதீர்கள். நான் படிப்பிக்க வந்த முதல் வருடம், இடக்கையால் எழுதிய ஒரு பையனை வலக்கைக்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் அவன் படம் கீறுவதையே விட்டுவிட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.