எந்தக் கம்பெனி எச்பி? பழைய பென்சில்களைப் பிரித்தறிவது எப்படி

கேள்வி: அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த அப்பாவின் பெட்டியில் பழைய பென்சில்கள் கிடைத்தன. மஞ்சள் நிறக் கோஹினூர் 1500-இல் 6எச், 4எச், 2எச், எச்பி என நான்கு; '2' என்று மட்டும் போட்ட மங்கோல் ஒன்று; எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒன்று. இவற்றை வைத்து ஓவியம் பழகலாம் என்று ஆசை. ஆனால் கோஹினூர் எச்பியைச் சீவி எழுதிப் பார்த்தால் என் மகளின் பள்ளிப் பென்சிலை விட மங்கலாக இருக்கிறது. பழசானதால் வீரியம் போய்விட்டதா? எதை எதற்கு வைத்துக்கொள்ளலாம்?

பதில்: வீரியம் எங்கேயும் போகவில்லை. பென்சில் கரி என்பது கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் பிசைந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி கம்பியாகப் பிழிந்து, ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு, பிறகு சூடான மெழுகில் ஊறவைத்தது. சுட்ட களிமண்ணும் கிராஃபைட்டும் ஐம்பது அறுபது வருஷத்தில் கெட்டுப்போகிற சரக்கு அல்ல. பென்சில் கடையில் இருந்தபோது எப்படி எழுதியதோ, ஏறத்தாழ அப்படியேதான் இன்றும் எழுதும்.

மகளின் பென்சில் கறுப்பாக எழுதக் காரணம் வேறு. எச்பி என்பது ஓர் அளவுகோல் அல்ல. ஒரு கம்பெனி தன் பென்சில்களுக்குள் போட்டுக்கொண்ட வரிசையில் ஓர் இடம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெட்டியில் இருக்கும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

களிமண்ணைக் கலப்பது பிரான்சில் பிறந்த வித்தை. அதற்கு முன் நல்ல பென்சில் என்றால் இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்துக் கட்டி கிராஃபைட்டை அறுத்துச் செய்ததுதான். பிரிட்டனோடு போர் மூண்டு அந்தச் சரக்கு நின்றுபோனதும், நிக்கோலா ழாக் கோன்டே என்பவர் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண் சேர்த்துச் சுடும் முறைக்கு 1795-இல் காப்புரிமை பெற்றார். தட்டுப்பாட்டுக்குக் கண்ட மாற்று வழி, அசலையே ஓரங்கட்டிவிட்டது. ஏனென்றால் களிமண்ணைக் கூட்டினால் கரி கடினமாகி, கோடு வெளிறும். கிராஃபைட்டைக் கூட்டினால் மென்மையாகிக் கறுக்கும். முதல் வகைக்கு எச், இரண்டாவதற்கு பி, நடுவில் எச்பி. முன்னால் உள்ள எண் கூடக் கூட அந்தக் குணமும் கூடும்: 2எச்சை விட 6எச் கடினம், 2பியை விட 6பி கறுப்பு. எச்பிக்கும் எச்சுக்கும் இடையே எஃப் என்று ஒன்று உண்டு. அதிகம் பேர் வாங்குவதில்லை, ஆனால் கூர் நிற்க வேண்டும், கோடும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் சரி.

எச்பிக்குள் எத்தனை பங்கு களிமண் போட வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் ஒரே விதி கிடையாது. தூள் எவ்வளவு நைசாக அரைபட்டது, மெழுகு எவ்வளவு ஏறியது என்பதும் கறுப்பை மாற்றும். ஜப்பானியப் பென்சில்களின் எச்பி பொதுவாக ஜெர்மன் எச்பியை விடக் கறுப்பாகவே இருக்கும். நம் ஊரில் 'எக்ஸ்ட்ரா டார்க்' என்று விற்கும் பள்ளிப் பென்சில்கள், அட்டையில் என்ன போட்டிருந்தாலும், கையில் பி, 2பி போலத்தான் எழுதுகின்றன. அதன் பக்கத்தில் வரைபடக்காரர்களுக்காகச் செய்த ஒரு எச்பியை வைத்தால் அது மங்கலாகத் தெரியத்தான் செய்யும்.

உங்கள் கோஹினூர் அப்படிப்பட்டதுதான். அப்போதைய ஆஸ்திரியாவின் ஹார்ட்மூத் நிறுவனம் 1500 வரிசையை 1889 பாரிஸ் பொருட்காட்சியில் அறிமுகப்படுத்தியது. கோல்கொண்டா வைரத்தின் பெயர், தங்க மஞ்சள் பூச்சு, 6பி முதல் 9எச் வரை 17 படிகள். அந்தப் படிகளில் பாதிக்கு மேல் எச் பக்கம் இருப்பதைக் கவனியுங்கள். வாங்கியவர்களில் பொறியாளர்களும் டிராஃப்ட்ஸ்மேன்களும் எவ்வளவு முக்கியமானவர்கள் என்பது அதிலேயே தெரிகிறது. பென்சில் என்றால் மஞ்சள் என்ற வழக்கம் பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் எபர்ஹார்டு ஃபேபர் செய்த உங்கள் மங்கோலும் மஞ்சள்தான். கோஹினூர் மேல் செக்கோஸ்லோவாக்கியா என்று அச்சாகியிருந்தால் அது 1918-க்கும் 1992-க்கும் இடையில் வந்த சரக்கு. ஆஸ்திரியா என்றிருந்தால் அநேகமாக அதற்கும் முந்தியது. அதைச் சீவாமல் எடுத்து வையுங்கள்.

மங்கோலில் உள்ள '2' அமெரிக்கக் கணக்கு. அங்கே 1 என்றால் ஏறக்குறைய பி, 2 என்றால் எச்பி, இரண்டரை என்றால் எஃப், 3 என்றால் எச், 4 என்றால் 2எச். '2பி' என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

இனி பெட்டியில் இருப்பதை நீங்களே சோதிக்கலாம். ஓவியத்துக்கு வைத்திருக்கும் தாளையே எடுங்கள்; வழவழப்பான தாளில் எல்லாப் பென்சிலும் வெளிறித் தெரியும். ஒவ்வொன்றாலும் ஓர் அங்குலக் கட்டம் வரைந்து, கையை அழுத்தாமல், பென்சிலின் எடை மட்டும் விழும்படி மூன்று முறை நிரப்புங்கள். அடியில் கம்பெனி பெயரையும் கிரேடையும் எழுதிவிடுங்கள். நடுவில் மகளின் பென்சிலுக்கும் ஒரு கட்டம். பிறகு 6எச்சால் சற்று அழுத்தி ஒரு கோடு இழுத்து, தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள்: கோடு மேடாகத் தட்டுப்படும். அந்தப் பள்ளம் ரப்பர் போட்டாலும் போகாது. மேலே 4பியால் நிழல் போட்டால் வெள்ளைக் கீற்றாக எழுந்து நிற்கும். ஓவியம் பழகுகிறவர்கள் 6எச், 4எச் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அப்பாவுக்கு அவை வேண்டியிருந்தன. டிரேசிங் பேப்பரில் கூர் மழுங்காமல், கரி கையில் ஒட்டாமல் நீளக் கோடு போட வேறு வழியில்லை.

2எச்சை முதல் அமைப்புக் கோடுகளுக்கு, மிக லேசான கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கோஹினூர் எச்பியும் மங்கோலும் உருவரைக்குப் போதும். நிழலுக்கு உங்களிடம் ஒன்றுமே இல்லை. 2பி, 4பி, 6பி மூன்றும் புதிதாக, ஒரே கம்பெனியில் வாங்குங்கள். கம்பெனி மாறினால் படிகள் ஒன்றின் மேல் ஒன்று விழும்; ஒருவரின் 2பியும் இன்னொருவரின் 4பியும் ஒன்றாகவே இருக்கலாம்.

பழசில் கெடுவது கரி அல்ல, சுற்றியுள்ளவை. மங்கோலின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், தாளைக் கிழிக்கும், தொடாதீர்கள். எப்போதோ கீழே விழுந்த பென்சிலில் கரி உள்ளுக்குள் துண்டு துண்டாகியிருக்கும். ஷார்ப்னரில் போட்டால் முனை கழன்று கழன்று வரும். அதற்குக் கத்திதான் நல்லது. மரம் நடுவில் பிளந்திருந்தால் ஃபெவிகால் தடவி, நூலால் இறுகச் சுற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பழைய மேல்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் பென்சில் கடிக்கும் பழக்கம் உள்ள பிள்ளையிடம் இவற்றைக் கொடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கரியில் ஈயம் கிடையாது.

எழுத்து அழிந்த அந்த ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கால அலுவலகப் பெட்டி என்பதால் அது காப்பியிங் பென்சிலாக இருக்கலாம். கிராஃபைட்டோடு ஊதாச் சாயம் கலந்தது. காய்ந்த தாளில் சாதாரணப் பென்சில் போல எழுதும், ஈரம் பட்டால் மைபோல ஊறி ஊதாவாகிவிடும், பிறகு அழியாது. முனையைச் சீவி, விழுந்த தூளில் ஒரு சிட்டிகையை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். ஊதா பரவினால் அதை ஓவியத்துக்கு எடுக்க வேண்டாம். அந்தச் சாயம் கண்ணில் பட்டால் கடுமையான புண் உண்டாக்கும், நாக்கில் வைக்கவும் கூடாது. தனி உறையில் போட்டுப் பெயர் எழுதி, மகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஊதா வராமல் தூள் கறுப்பாகவே இருந்தால், மேலே சொன்ன கட்டங்களோடு அதற்கும் ஒரு கட்டம் போட்டு, எதன் பக்கத்தில் பொருந்துகிறதோ அந்தக் கிரேடைப் பென்சிலின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.