வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: விழித்த பின்னும் அசையாத உடல்

கேள்வி: கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகனுக்கு 19 வயது. தேர்வு நாட்களில், விடியற்காலையில் விழிப்பு வந்தும் கை கால்களை அசைக்க முடியவில்லை என்றும், யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்றும் சொல்கிறான். ஒருமுறை கட்டிலருகே ஒரு கறுப்பு உருவத்தையும் பார்த்தானாம். என் மாமியார் இதை அமுக்குவான் பேய் என்கிறார். என் கணவரோ மனச்சிதைவின் தொடக்கமாக இருக்குமோ என்று அஞ்சுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியன்று. உங்கள் மகனுக்கு வருவது தூக்க முடக்கம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்த ரெம் தூக்கம், அதாவது மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை, ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. தெளிவான கனவுகளில் பெரும்பாலானவை அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் மூளைத்தண்டிலிருந்து செல்லும் ஆணையால், கிளைசின், காபா என்னும் வேதிப்பொருள்கள் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை அடக்கிவிட, கண்களையும் உதரவிதானத்தையும் தவிர ஏனைய தசைகள் பெரும்பாலும் தளர்ந்துபோகின்றன. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ழூவே என்னும் ஆய்வாளர், பூனைகளின் மூளைத்தண்டில் இதற்குரிய பகுதியைச் சேதப்படுத்தியபோது, அவை உறக்கத்திலேயே எழுந்து இல்லாத இரையின்மீது பாய்ந்தன.

உங்கள் மகனுக்கு, தசைகளுக்கு இப்படிப் போடப்பட்ட பூட்டு திறப்பதற்குள் நினைவு திரும்பிவிடுகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகள் இன்னும் தளர்ந்திருப்பதால், வேண்டுமென்றே மூச்சை ஆழமாக இழுக்க முயன்றால் அது வருவதில்லை. நெஞ்சில் பாரம் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். உருவத்தைப் பொறுத்தவரை, 2006இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு நிகழ்வைக் குறிப்பிடலாம்: வலிப்பு நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மூளையில், இடப்பக்கப் பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, தமக்குப் பின்னால் ஒருவர் இருப்பதாக அவர் உணர்ந்தார். தூக்க முடக்கத்திலும் இதே பகுதிதான் காரணம் என்று அதைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால், அருகில் ஆள் இருக்கும் உணர்வை மூளை தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பது அதில் தெளிவாகிறது.

2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளானவர்கள் பொதுமக்களில் நூற்றுக்கு 8 பேர், மாணவர்களில் 28 பேர், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் 32 பேர். மாணவர்களிடையே இவ்வளவு மிகுந்திருப்பதற்குத் தூக்கக் குறைவே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. மனச்சிதைவில் குரல்கள் முழு விழிப்பிலும் கேட்கும். கேட்பவர் அவற்றை மெய்யென்றே நம்புவார். உங்கள் மகனுக்குப் பகலிலும் அப்படிக் கேட்டாலோ, காரணமில்லாத சந்தேகம் வளர்ந்தாலோ மனநல மருத்துவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். பகலில் அடக்க முடியாத உறக்கம் வருவதும், சிரிக்கும்போது முழங்கால்கள் துவள்வதும் நார்கோலெப்சியின் அறிகுறிகள். விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் வரும் அந்த நோய்க்குத் தனி மருத்துவம் உண்டு.

மற்றபடி, ஒரே நேரத்தில் படுப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழிக்காமல் இருப்பதும் பெரும்பாலும் போதுமானவை. மாமியாரின் மன நிம்மதிக்காகக் கோயிலுக்குப் போய் வருவதில் தடையில்லை. ஆனால், பரிகாரம் என்று இரவு முழுவதும் விழித்திருக்கச் சொன்னால் முடக்கம் கூடத்தான் செய்யும்.

கேள்வி: என் கணவருக்கு 66 வயது. சில மாதங்களாக உறக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார். எழுப்பினால், யாரோ துரத்துவதாகக் கனவு கண்டேன் என்கிறார். இது மன அழுத்தமா?

பதில்: மேலே சொன்னதற்கு நேர்மாறாக, பூட்ட வேண்டிய நேரத்தில் தசைகள் பூட்டப்படாத நிலையாக இது இருக்கலாம். 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த மருத்துவர்கள் ஷெங்க், மஹோவால்ட் ஆகியோர் இதை ஒரு தனிக் கோளாறாக விவரித்தனர். இந்த வயதில், வேறு வெளிப்படையான காரணமின்றி வரும்போது, பலருக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோயோ அதையொட்டிய மறதி நோயோ தோன்றுவதால், நரம்பியல் மருத்துவரைப் பார்த்து இரவுத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இதைத் தூண்டக்கூடும்; அவர் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை கட்டிலருகே கண்ணாடிப் பொருள்களையும் கூர்முனை மேசையையும் வைக்காதீர்கள். நீங்களும் தனிக் கட்டிலில் படுப்பது நல்லது.