கனடா மருமகன்ர ஸ்கோரும் எங்கட மகன்ர ஸ்கோரும்

கேள்வி: அக்கா, மகனுக்கு அஞ்சு வயசு. ஓட்டிசமா இருக்கலாம் எண்டு கிளினிக்கில ஆர்பிஎஸ்-ஆர் எண்டு, திரும்பத் திரும்பச் செய்யிற பழக்கங்களைப் பாக்கிற ஒரு போர்ம் தந்து நிரப்பச் சொன்னவை. கை உதறுறவரா, சாமானை வரிசையா அடுக்குறவரா, ஒரு பழக்கத்தை மாத்த விடமாட்டாரா எண்டெல்லாம் இருக்கு. அவர் சோகி அடுக்குவார், நீலக் கோப்பையிலதான் சாப்பிடுவார். நாங்கள் அம்மா வீட்டிலதான் இருக்கிறம், எல்லாரும் அவரை நல்லா பாப்பினம், அதால நான் கன இடத்தில 1 போட்டன். கனடாவில அண்ணி தன்ர மகனுக்கு இதே போர்ம் நிரப்பினவ, ஸ்கோர் எங்கட மகனைப் போல ரெண்டு மடங்கு. அப்ப எங்கட மகனுக்கு குறைவுதானே? இல்லாட்டி வெளிநாட்டுக் கேள்வி எங்கட பிள்ளையளுக்கு சரிவராதா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ரெண்டு ஸ்கோரையும் ஒண்டோட ஒண்டு ஒப்பிடாதேங்கோ. 43 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 0 இல இருந்து 3 வரைக்கும். 0 எண்டா அந்தப் பழக்கமே இல்லை, 3 எண்டா கடும் பிரச்சினை. கடுமையா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது நிரப்புற ஆள்தான். அங்க காலமை வேலைக்கு ஓடுற நேரம் கோப்பை மாறினதுக்கு பிள்ளை அரை மணித்தியாலம் கத்தினா தாய் 3 தான் போடுவா. உங்கட வீட்டில அவர் வந்து இருக்க முதலே அம்மம்மா நீலக் கோப்பையைக் கழுவி வச்சிருப்பா, கோணேசர் கோயிலுக்குப் போனாலும் மான் நிக்கிற அதே பக்கத்தால கூட்டிக்கொண்டு போவினம், பிறகு அவர் அழுறதுக்கு என்ன இருக்கு, நீங்கள் 1 போடுவீங்கள். வீட்டில எல்லாரும் அவருக்கு ஏத்த மாதிரி மாறி நடக்கிறதால அந்தக் கஷ்டம் வெளியில தெரியேல்ல. கூட்டுக் குடும்பங்களில ஆகலும் கூடத் தவறிப்போறது இதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

அதால டொக்டரிட்ட இலக்கத்தை மட்டும் குடுத்திட்டு வராதேங்கோ, நடந்ததைச் சொல்லுங்கோ. ஒருநாள் வேற கோப்பையில சோறு போட்டா என்ன செய்தவர், எவ்வளவு நேரம், எப்பிடி அமந்தவர். வரிசையில நடுவில ஒரு சோகியை எடுத்தா அதை மட்டும் திரும்ப வைக்கிறாரா, முழுசாக் கலைச்சுப்போட்டு முதல்ல இருந்து அடுக்குறாரா. நீங்கள் ஒரு சோகி நீட்டினா வாங்குறாரா. போன்ல ரெண்டு மூண்டு நிமிஷம் வீடியோ எடுங்கோ. நேர்சறி ரீச்சரிட்டயும் ஒரு போர்ம் குடுங்கோ, அங்க அம்மம்மா இல்லை.

வெளிநாட்டுக் கேள்வி எண்ட உங்கட சந்தேகம் நியாயமானதுதான். இது அமெரிக்காவில செய்தது, பழக்கங்களை 6 பிரிவாப் பிரிச்சவை. பிறகு 2007 இல அமெரிக்கப் பெற்றோர் நிரப்பினதை ஆராய்ஞ்சா 5 பிரிவாத்தான் வந்தது, 2010 இல கிரேக்கத்தில பார்த்தா 2 ஆ வந்தது. கை உதறுற பிள்ளை எல்லா நாட்டிலயும் இருக்கு, ஆனா எந்தப் பழக்கம் எதோட சேருது எண்டது ஆக்களுக்கு ஆக்கள் மாறுது, அப்ப மொத்த இலக்கத்தை நாடு விட்டு நாடு ஒப்பிட்டு என்ன பிரயோசனம்? இலங்கையிலயே சின்னப் பிள்ளையளுக்கான எம்-சாட் எண்ட வேற ஒரு போர்மைச் சோதிச்சு 2009 இல எழுதினவை, அது ஓட்டிசம் இருந்த பிள்ளையளில நாலில ஒருத்தரைத்தான் பிடிச்சது. பிறகு இங்கயே படங்களோட ஒரு முறையை உருவாக்கினவை. தாய்மார் படத்தைப் பாத்து எங்கட பிள்ளையும் இப்பிடித்தான் எண்டு சொல்லலாம்.

எண்டாலும் போர்மை எறிஞ்சுபோடாதேங்கோ, தங்கச்சி. ஆறு மாசத்தால நீங்களே திரும்ப நிரப்பினா மகனை மகனோடயே ஒப்பிடலாம், அதுக்கு அது நல்ல உதவி.

கேள்வி: மகள் தலையைச் சுவரில அடிக்கிறா. ஆர்பிஎஸ்-ஆர் ஸ்கோர் குறைவெண்டுதான் சொன்னாங்க. பொறுத்துப் பாக்கலாமா?
– ஒரு தகப்பன், கிண்ணியா

பதில்: வேண்டாம். மொத்த ஸ்கோர் குறைவா இருந்தாலும் தனக்குத்தானே காயப்படுத்துறதை தனியாத்தான் பாக்கோணும். கதைக்கத் தெரியாத பிள்ளை காது நோவுக்கும் பல்லு நோவுக்கும் தலையை அடிக்கும். இந்தக் கிழமையே டொக்டரிட்ட காதையும் பல்லையும் காட்டுங்கோ, எந்த நேரம், எதுக்குப் பிறகு அடிக்கிறா எண்டும் எழுதிக்கொண்டு போங்கோ.